என் மசோதாவை நானே எதிர்த்த கதை

புனேயில் ஔந்த் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் என்னை எல்லோரும் ‘ஆம்தார் காகா’ என்று கூப்பிடுகிறார்கள். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா, ஆம்தார் என்றால் எம்.எல்.ஏ. மரியாதைக்காகத்தான் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல்காரர் ‘கேப்டன் காகா’, காலையில் லாப்ரடாரோடு நடப்பவர் ‘நாய் காகா’. அடையாளம் சொல்ல ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஆம்தாராக இருந்தது மகாராஷ்டிரத்தில் இல்லை. அமெரிக்காவின் நடுவில் ஒரு மாநிலத்தில். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, உங்கள் பிள்ளைகள் விமானத்தில் அதைக் கடக்கும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே மாடுகள் உண்டு, சோளம் உண்டு, வருடத்தில் பாதி நாள் பனி உண்டு. மனிதர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு நீங்கள் கொஞ்சம் தேட வேண்டும்.

நாலாம் மாடிக் கார்த்திக்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதச் சொன்னவன். கோயம்புத்தூர்ப் பையன், ஹிஞ்சேவாடியில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பாதி வாழ்க்கையைக் கம்பெனி வண்டியில் டிராஃபிக்கிலும், மீதியைக் கம்பெனியிலும் கழிக்கிறவன். அவனுக்கு எங்கள் சொசைட்டி நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட ஆசை வந்துவிட்டது.

“அங்கிள், நீங்க நெஜமான சட்டசபையிலயே இருந்திருக்கீங்க. ஒரு தீர்மானத்தை எப்படிங்க பாஸ் பண்ண வைக்கறது? கொஞ்சம் எழுதிக் குடுங்க. நம்ம தமிழ் குரூப் மலர்ல போட்டுடலாங்க” என்றான்.

அவன் கேட்டது எங்கள் சொசைட்டிப் பொதுக்குழுவுக்கு முன்னால். நான் எழுதுவது பொதுக்குழுவுக்குப் பின்னால். ஆகவே அவன் கேட்ட கட்டுரை இதுவாக இருக்காது. தம்பி மன்னிக்க வேண்டும்.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா புனே பக்கம் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். நான் அங்கேயே பிறந்து, புனேயில் சிவில் படித்து, அமெரிக்கா போய் இன்னும் கொஞ்சம் படித்து, ஒரு மாவட்டத்தின் சாலைத் துறையில் எஞ்சினியர் ஆனேன். கோடையில் பாலத்தைப் பார்ப்பேன், குளிரில் பனி அள்ளும் வண்டிகளைப் பார்ப்பேன். கூடவே அங்கே நர்சாக வேலை பார்த்த ஜெசிந்தாவையும் பார்த்தேன், கல்யாணம் ஆயிற்று. அவளும் நெல்லைக்காரி. இருபது வருடத்தை இப்படி நாலு வரியில் முடித்ததற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். அந்த வருடங்களும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருந்தன.

அரசியலுக்கு என்னைக் கொண்டுவந்தவர் என் பல் டாக்டர். அவர்தான் எங்கள் வட்டாரத்தில் கட்சித் தலைவரும். என் வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு, “இந்த முறை நம்ம தொகுதியில் நிற்க ஆள் இல்லை, சாம். நீங்கள் நில்லுங்களேன்” என்றார். வாயைத் திறந்து வைத்திருப்பவன் மறுப்பது கஷ்டம். நான் போட்ட சத்தத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஜெயிக்கிற வேட்பாளர் அவருக்குத் தேவைப்படவில்லை. வாக்குச்சீட்டில் எங்கள் கட்சிக்கு எதிரே வெற்றிடம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. வெற்றிடத்தை நிரப்ப என்னைவிடப் பொருத்தமானவன் கிடைக்கவில்லை போலும்.

எதிராளி பல முறை ஜெயித்தவர். நான் நிற்கிறேன் என்று கேள்விப்பட்டதும் நிம்மதியாக வேறு மாநிலத்துக்கு மான் வேட்டைக்குப் போய்விட்டார். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்றே நினைத்தார்கள். சாமுவேல் என்று பெயரைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தளரும். எந்தத் தேவாலயம் என்று கேட்பார்கள். அந்த வகையில், எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாமிரபரணிக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார்தான் என் முதல் தேர்தல் ஏஜென்ட். சொற்ப வாக்கில் ஜெயித்துவிட்டேன். பல் டாக்டர்தான் என்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டார்.

செய்தி தாபோடிக்கு எட்டியதும் என் சித்தப்பா மகன் போன் செய்தான்.

“அண்ணே, லால் பத்தி, அதாம்ணே செவப்பு லைட்டு, வச்ச காரு குடுத்திருக்காவளா?”

“இல்லடே.”

“கூட எத்தன போலீசு?”

“ஒருத்தனும் கெடையாது. பழைய வேன நானேதான் ஓட்டிட்டுப் போறேன்.”

அவன் வேன் எந்த வருடத்தது என்று விசாரித்தான். பிறகு, “பரவால்லண்ணே, அடுத்த தடவ நல்ல எடமாப் பாத்து நில்லுங்க” என்று ஆறுதல் சொன்னான்.

அந்த மாநிலத்தில் சட்டமன்றம் குளிர்காலத்தில் சில மாதங்கள்தான் கூடும். வயலில் வேலை இல்லாத நேரத்தில் விவசாயிகள் வந்து சட்டம் போட்டுவிட்டுப் போகட்டும் என்று பழைய காலத்தில் ஏற்பாடு செய்தது. மற்ற மாதங்களில் அவரவர் தொழில். எனவே என் சக உறுப்பினர்கள் கோதுமை விவசாயி, இழவு வீட்டு ஏற்பாட்டாளர், மேல்நிலைப்பள்ளிக் கால்பந்து பயிற்சியாளர், இரண்டு வக்கீல்கள் (மற்றவர்கள் யாரும் இவர்கள் பக்கத்தில் உட்கார விரும்புவதில்லை) என்று கலவையாக இருந்தார்கள். கொடுத்த சம்பளத்தில் பெட்ரோல் போடலாம், அல்லது சாப்பிடலாம். வீடு நடந்தது ஜெசிந்தாவின் நைட் டியூட்டியில். புது உறுப்பினர் என்பதால் என் அறை கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. மாநிலத்திலேயே குளிராத இடம் அதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவையில் ஒவ்வொருவர் மேசையிலும் இரண்டு பொத்தான்கள். பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. எதிரே சுவர் முழுக்க ஒரு பலகை. அதில் எல்லோர் பெயரும் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நிறம் எரியும். மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெளிவாகத் தெரியும். ஜனநாயகம் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறதே என்று முதல் நாள் நெகிழ்ந்து போனேன். அந்தப் பலகையால் என்னென்ன வரும் என்று அப்போது தெரியாது.

என் முதல் மசோதா சாலைப் பணியாளர்களின் எச்சரிக்கைப் பலகை பற்றியது. யாருக்கும் ஆட்சேபம் இருக்க வழியில்லாத விஷயம். ஜெசிந்தா லீவு போட்டு, நல்ல புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடித்ததும் கேள்விகள் வந்தன. பனி குளிர்ச்சியானது என்பதற்கு உறுப்பினரிடம் ஆதாரம் உண்டா என்று கோதுமை விவசாயி கேட்டார். பலகையைப் படிக்கத் தெரியாத மாடு குறுக்கே வந்தால் யார் பொறுப்பு என்று கால்பந்து பயிற்சியாளர் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் எஞ்சினியர் என்ற முறையில் விளக்கமாகப் பதில் சொன்னேன். பிறகு ஓட்டெடுப்பு. பலகை முழுக்கச் சிவப்பு. என் பெயர் மட்டும் பச்சை.

அப்போது அவை மொத்தமும் எழுந்து கைதட்டியது. சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறியது. புது உறுப்பினரின் முதல் மசோதாவை இப்படிக் கலாய்ப்பது அங்கே வழக்கமாம், பாசத்தின் அறிகுறியாம். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த மசோதாவுக்கும் பாசம் காட்டிவிடுவார்கள்.

வீட்டு வாசலில் ஜெசிந்தா கேட்டாள். “என்னத்துக்கு இளிச்சிட்டு நின்னிய? மேல இருந்து பாக்கவங்களுக்கு என்ன வெளங்கும்? எனக்கு உயிரே போயிட்டு.”

அது வெறும் விளையாட்டு என்று சொன்னேன். மாடத்தில் இருப்பவர்களுக்கு விளையாட்டு எது, வினை எது என்று தெரியாது என்பதை அவள் அன்றே சொல்லிவிட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

இனி ஹாலோவேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அவையில் எங்கள் கட்சித் தலைவர். தொழில் மாட்டு ஏலம். ஏலத்தில் மூச்சு விடாமல் பேசும் மனிதர், அவையில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். யாரையும் மிரட்ட மாட்டார். “உன் தொகுதி எப்படிச் சொல்கிறதோ அப்படி ஓட்டுப் போடு” என்று எல்லோரிடமும் பெருந்தன்மையாகச் சொல்வார். அப்படித் தொகுதி சொன்னபடி ஓட்டுப் போட்ட ஒருவருடைய கார் நிறுத்துமிடம் மறுநாள் கட்டடத்துக்கு வெளியே பனிக்குள் போய்விட்டது.

அவர் மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் இருக்கும். நம் மசோதாவைப் பற்றிப் பேசப் போனால், கேட்டு முடித்துவிட்டு ஒன்று எடுத்துக் கொடுத்தால் காரியம் நடக்கும். கை கிண்ணத்தின் பக்கம் போகவில்லையென்றால் மசோதாவுக்கு இழவு வீட்டு ஏற்பாட்டாளரைத்தான் பார்க்க வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி அந்த மாநிலத்தில்தான் வந்தது. டாக்டர் சாதத்தைக் குறைக்கச் சொன்னார், நானும் குறைத்தேன்.

மார்லின் என்ற பெண்மணியை முதலில் பார்த்தது என் நாலாவது பதவிக்காலத்தில். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவருக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு படுக்கையில் இருந்தார். அவர்கள் இருந்தது ‘நகரும் வீடு’ எனப்படும் தகர வீடு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது நகராது. தொழிற்சாலையில் செய்து ஒருமுறை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதற்குப் பிறகு தூக்கினால் முதுகு உடைந்துவிடும். வீடு குடியிருப்பவர்களுடையது, அது நிற்கும் மண் வேறொருவருடையது. அந்த மண்ணை ஏதோ ஒரு கம்பெனி வாங்கி, ஒரு மாதத்தில் எல்லோரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டியது.

மார்லின் என் கொதிகலன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. “மெஷினைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போய்ச் சொருகுவது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

அவர்களை அந்த மண்ணில் இருக்க வைப்பது ஒன்றுதான் அந்த வருடம் எனக்கு வேலை. நான் கொண்டுவந்த மசோதா எளிமையானது. விற்கும் முன் குடியிருப்பவர்களுக்கு ஒரு வருட அவகாசம் கொடுக்க வேண்டும், அவர்கள் சேர்ந்து வாங்க முன்வந்தால் முதல் உரிமை அவர்களுக்கு. நோட்டீஸ் கொடுத்து இன்னும் காலி செய்யாத இடங்களுக்கும் பொருந்தும். கமிட்டியில் மார்லின் சாட்சி சொன்னார். கம்பெனி வக்கீல், நில உரிமை என்பது நாட்டின் அஸ்திவாரம் என்று உருக்கமாகப் பேசினார். அஸ்திவாரமே இல்லாத வீட்டில் இருப்பவர்களைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஹாலோவேயிடம் போனேன். கேட்டுக்கொண்டார். கிண்ணத்தைப் பார்த்தார், எடுக்கவில்லை. பிறகு கிண்ணத்தை என் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார். இதற்கு என்ன அர்த்தம் என்று கொதிகலனோடு உட்கார்ந்து யோசித்தேன்.

இந்த இடத்தில் அவை விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மசோதா தோற்றுவிட்டால், அதை மறுபடி ஓட்டுக்கு விடுங்கள் என்று கேட்கும் உரிமை ஜெயித்த பக்கத்தில் ஓட்டுப் போட்டவருக்கு மட்டும்தான். தோற்றவர்களுக்குக் கொடுத்தால் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது முன்னோர்களின் பயம். ஆகவே மசோதா கொண்டுவந்தவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தோல்வி உறுதி என்று தெரிந்ததும், கணக்கை முடிப்பதற்குள் தன் ஓட்டையும் சிவப்புக்கு மாற்றிவிடுவார். இப்போது அவரும் ஜெயித்த பக்கம். மறுநாள் எழுந்து, “என் மனம் மாறிவிட்டது, மறுபடி எடுங்கள்” என்பார். ராத்திரிக்குள் இரண்டு பேரைச் சரிக்கட்டியிருப்பார். மசோதா ஜெயித்துவிடும். பிள்ளையைக் காப்பாற்றப் பிள்ளை பிடிப்பவர்களோடு சேர்ந்துகொள்ளும் இந்த முறையை அவையில் எல்லோரும் சர்வ சாதாரணமாகச் செய்வோம். எங்களில் ஒருவருக்கும் இது விசித்திரமாகத் தோன்றியதில்லை. அதுதான் விசித்திரம்.

ஓட்டெடுப்பு நாளன்று மார்லின் லீவு போட்டு மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பலகை எரிந்தது. எங்கள் கட்சியிலேயே இரண்டு பேர் சிவப்பு. பச்சை போதாது என்று தெரிந்துவிட்டது. ஹாலோவே தன் இருக்கையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். நான் சிவப்பை அழுத்தினேன். சுவரில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தபோது மார்லின் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அடுத்த மசோதா தொடங்கிவிட்டது, கதவை மூடிவிட்டார்கள். நாளைக்கு ஜெயித்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மறுநாள் நான் எழுந்து மனம் மாறினேன். நேற்றைய இரண்டு சிவப்பும் பச்சையாகின. ஒருவருக்குக் கட்டடத்துக்குள் கார் நிறுத்த இடம் கிடைத்தது. இன்னொருவருடைய மாமனார் பெயரை ஒரு பாலத்துக்கு வைத்தோம். நல்ல பாலம், நான் பரிசோதித்ததுதான். மசோதா ஜெயித்தது, மேலவையிலும் ஜெயித்தது, சட்டமாயிற்று. மார்லின் தெருவில் ஒரு வீடும் காலியாகவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஹாலோவே மிட்டாயை என் கையில் வைத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் மறுபடி தேர்தல். எதிராளி ஓர் இளைஞர், ரியல் எஸ்டேட்காரர். வீடு வீடாக ஒரு வழவழப்பான அட்டை வந்து விழுந்தது. அதில் அவையின் பலகைப் படம், என் பெயர், பக்கத்தில் சிவப்பு. கீழே பெரிய எழுத்தில், ‘ஏழைகளின் வீட்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்’. பொய் ஒன்றுமில்லை. போட்டது நான்தான். மறுநாள் பலகையையும் அச்சடித்திருக்கலாம், அட்டையில் இடம் இல்லை போலும்.

“எல்லோருக்கும் விளக்கம் கொடுத்துக் கடிதம் எழுதட்டுமா?” என்று ஹாலோவேயிடம் கேட்டேன்.

“விளக்க ஆரம்பித்தால் தோற்றாய் என்று அர்த்தம்” என்றார். அன்றைய பத்து வாக்கியங்களில் அது ஒன்று.

இருந்தாலும் மார்லின் வீட்டுக்குப் போனேன். அந்தத் தகர வீட்டு வாசலில், யாரும் பிடுங்க முடியாதபடி நான் சட்டம் போட்டுக் காப்பாற்றிய அந்த மண்ணில், எதிராளியின் பெயர் எழுதிய பலகை ஊன்றியிருந்தது. உள்ளே ஆக்சிஜன் மெஷின் சத்தம் கேட்டது. மார்லின் கதவைப் பாதி திறந்தார்.

விளக்கினேன். விதியைச் சொன்னேன், ஜெயித்த பக்கம் என்றால் என்ன என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு நல்லது செய்வதற்காக எனக்கு எதிராக ஓட்டுப் போட்டீர்கள் என்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“நான் மாடத்தில் இருந்தேன், சாம். பச்சை சிவப்பானதை என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்ததையும் பார்த்தேன்.”

“மறுநாள் ஜெயித்ததே மார்லின், வீடு நிற்கிறதே.”

“நிற்கிறது. இரண்டு பேர் மனம் மாறியதாகப் பேப்பரில் போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிக் கார்டு அனுப்பினேன்.”

பிறகு, குளிராக இருக்கிறது, கணவருக்கு ஆகாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மரியாதையாகத்தான் சாத்தினார். வேனில் உட்கார்ந்து அழுதேன். இந்த ஓர் இடத்தைக் கிண்டலாக எழுத முடியுமா என்று இரண்டு முறை முயன்று பார்த்தேன், வரவில்லை.

தோற்றேன். அவர்கள் தெருவில் எனக்கு ஓர் ஓட்டுக்கூட விழவில்லை என்று பல் டாக்டர் ஆராய்ந்து சொன்னார், நான் கேட்காமலே. பிறகு சாலைத் துறையிலேயே சில வருடம் பனி அள்ளினேன். ஜெசிந்தா ஓய்வு பெற்றதும், குளிர் போதும் என்று இங்கே ஔந்தில் ஏழாவது மாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பொத்தான், பலகை, மாடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று கண்ணாடி பதித்தது, உறுப்பினர்களுக்கு. மற்றது வீட்டு வேலை செய்பவர்களுக்கும் டிரைவர்களுக்கும் குப்பைக்கும். இரண்டாவது எப்போதாவது ஓடும். ஓடாத நாளில் அவர்கள் படியேற வேண்டும், கண்ணாடி லிஃப்டில் ஏறினால் வாட்ச்மேனுக்குத் திட்டு விழும். எங்கள் வீட்டுக்கு வரும் சுனிதா தாபோடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். முட்டி வலி. ஏழு மாடி ஏறி வந்து, கதவில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள். ஒரு நாள் ஜெசிந்தா அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“பெரிய ஆம்தார்னு ஊரே சொல்லுதுல்லா. இத ஒண்ணு கேட்டு வாங்கிக் குடுங்க பாப்போம்.”

அப்படித்தான் நான் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன், வேலைக்கு வரும் எல்லோரும் இரண்டு லிஃப்டையும் பயன்படுத்தலாம் என்று. கார்த்திக் வழிமொழிந்தான். செயலாளர் குல்கர்ணி, தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். பழக்கம் விடவில்லை, உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்து எண்ணினேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கும் குறைவான கைகள். தோல்வி உறுதி.

எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் குல்கர்ணி. என் கை மேலே போய்விட்டது.

“காகா, நீங்கள் ஆதரவுக்கும் தூக்கினீர்களே” என்றார் இந்தியில்.

“அதை வாபஸ் வாங்குகிறேன். எதிர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன் கம்பீரமாக. கார்த்திக் என்னைப் பார்த்த பார்வையை இதற்கு முன் ஒரு மாடத்தில் பார்த்திருக்கிறேன்.

குல்கர்ணி கூட்டிப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நாற்காலி கிடைக்காமல் நின்றிருந்த பெண்கள் சிலர் ஆதரித்துக் கை தூக்கியதை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருந்தார். தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. நான் கையைச் சும்மா வைத்திருந்தால் ஒரே ஓட்டில் ஜெயித்திருக்கும்.

நான் எழுந்தேன். “ஜெயித்த பக்கத்தில் இருக்கிறேன். நாளைக்கு மறுபடி ஓட்டெடுப்புக்குக் கோருகிறேன்.”

“எந்த நாளைக்கு?” என்றார் குல்கர்ணி. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “பொதுக்குழு வருடத்துக்கு ஒன்று. சிறப்புக் கூட்டம் கூட்டினாலும் தோற்ற தீர்மானம் ஆறு மாதத்துக்கு வர முடியாது. எழுதியாயிற்று காகா.”

நான் ஏழாவது மாடிக்குப் போய்ச் சேரும் முன்பே சொசைட்டியின் கைபேசிக் குழுவில் குறிப்பு வந்துவிட்டது. ‘தீர்மானத்தை முன்மொழிந்தவரே எதிர்த்ததால் நிராகரிக்கப்பட்டது.’ ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தாள். “இங்கயுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை சுனிதா வந்தாள். வாட்ச்மேன் சொல்லிவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. நேராகப் போய்ப் பாத்திரம் துலக்கினாள். ஹாலோவே சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தாலும் சமையலறை வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த மராத்தியில் எல்லாவற்றையும் விளக்கினேன். பச்சை, சிவப்பு, மார்லின், தூண் வரைக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “அங்கேயும் இதையேதான் செய்தீர்களா காகா?” என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். வெகு நேரம் சிரித்தாள். மார்லினும் அன்று இப்படிச் சிரித்திருந்தால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

ஆறு மாதம் ஆனதும் தீர்மானத்தை மறுபடி கொண்டுவருவது என்று ஒரு முடிவெடுத்தேன். அதுவரை நானும் கண்ணாடி லிஃப்டில் ஏறுவதில்லை, சுனிதாவோடு படிதான். காலையில் பாலும் காய்கறியும் வாங்கிக்கொண்டு அவள் வரும் நேரத்துக்குக் கீழே நிற்பேன். டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் என்று சொசைட்டியில் பேசிக்கொள்கிறார்கள். நான் விளக்கவில்லை.

ஒரு சிக்கல். என் வயதுக்கு மூன்றாவது மாடிதான் கணக்கு. அங்கே சுவரைப் பிடித்து நிற்கிறேன். சுனிதா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மேலே போகிறாள். என் கொள்கை தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தினமும் ஒரு பை கூடியிருக்கிறது. நேற்று அந்த மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“காகா, நீங்கள் லிஃப்டிலேயே போங்கள். எனக்குச் சுமை குறையும்.”